தன் கடன், என் கடன்

“இத்தனை பேருக்குச் செய்த கை, உனக்கே இப்படி ஆகணுமா?”

2019இல் என் கணவர் தவறியபோது துக்கம் கேட்க வந்தவர்களில் பாதிப் பேர் இதைத்தான் சொன்னார்கள். சபையில் கூட ஜெபிக்கிற அக்காமார் சொன்னார்கள். மாடிவீட்டுக் கன்னடக்கார அம்மா தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார். ஊரிலிருந்து ராத்திரி பஸ் பிடித்து வந்த பெரியம்மா மாரில் அடித்துக்கொண்டு சொன்னாள். மனசு ஆறாமல் வந்த வார்த்தைதான், யார்மேலும் எனக்கு வருத்தம் கிடையாது. ஆனால் வந்தவர்கள் எல்லோரும் கிளம்பிப் போன பிறகும் அந்த வார்த்தை மட்டும் கிளம்பவில்லை. பாத்திரம் கழுவும்போது, பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும்போது, ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் எழுந்து நிற்கும்போது, எனக்கே இப்படியா என்று உள்ளே ஓடிக்கொண்டே இருந்தது.

நான் பெங்களூரில் வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கிற நர்ஸ். பாலியேட்டிவ் கேர் என்பார்கள். இனிக் குணமாக்க முடியாது, வீட்டுக்குக் கூட்டிப் போங்கள் என்று சொல்லி அனுப்பிய பிறகு எங்கள் வேலை தொடங்கும். வலியைக் குறைக்க வேண்டும். புண்ணைச் சுத்தம் செய்ய வேண்டும். வாந்தி, மூச்சிரைப்பு, மலச்சிக்கல் எதுவானாலும் பார்க்க வேண்டும். எப்படிப் புரட்டிப் படுக்க வைப்பது, படுக்கையிலேயே எப்படித் தலைக்குக் குளிப்பாட்டுவது என்று வீட்டாருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். ஓசூர் சாலையில் 1973இல் தொடங்கிய கித்வாய் புற்றுநோய் நிறுவனம் இருப்பதால் கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கத்துக் குடும்பங்கள் வைத்தியத்துக்கு இங்கே வருவார்கள். ஸ்ரீராமபுரம், அல்சூர், நீலசந்திரா, லிங்கராஜபுரம் என்று தலைமுறையாக இங்கேயே இருக்கிற தமிழர்களும் உண்டு. தமிழ் பேசுகிற சிஸ்டர் வந்திருக்கிறாள் என்றால் அவர்களுக்கு ஒரு தெம்பு. எனக்குச் சொந்த ஊர் நாகர்கோவில் பக்கம்.

கணவருக்குக் கணையத்தில் புற்று. கண் மஞ்சளானதே என்று ஸ்கேன் எடுத்தால் கல்லீரல்வரை போயிருந்தது. பீன்யாவில் லேத் பட்டறையில் இரும்பைத் தூக்கிப் புரட்டின உடம்பு, கடைசியில் தம்ளரைப் பிடிக்கவே கை நடுங்கியது. மார்ஃபின் மாத்திரைக்கு ஒரு நேரக்கணக்கு உண்டு. காலை 6, 10, மதியம் 2, சாயங்காலம் 6, அப்புறம் ராத்திரி 10 மணிக்கு இரட்டை அளவு, நடுராத்திரியில் வலி எழுப்பாமல் தூங்குவதற்காக. எத்தனையோ வீட்டுச் சுவர்களில் என் கையால் எழுதி ஒட்டிய கணக்கு அது. படிக்கத் தெரியாத வீடுகளில் சூரியனும் நிலாவும் வரைந்து ஒட்டுவேன். அதையே எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் கதவிலும் எழுதி ஒட்டினேன். மகள் அப்போது பி.யூ.சி. (நம் ஊர் பிளஸ் டூ மாதிரி) படித்துக்கொண்டிருந்தாள். ராத்திரி 10 மணி மாத்திரையை அவள்தான் கொடுப்பாள், அப்பாவுக்கு அவள் கையால் வாங்கினால்தான் திருப்தி.

நகை அடகுக்குப் போனது, கடன் வந்தது. அதையெல்லாம் விவரிக்க வேண்டாம், வீட்டில் பெரிய நோய் வந்த எல்லோருக்கும் தெரிந்த கதைதான்.

‘செய்த கை’ என்கிற அந்தக் கணக்கைப் பற்றித்தான் பேச வேண்டும். மாசாமாசம் சீட்டுக் கட்டுகிறோம், ஒரு அவசரத்துக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று தைரியமாக இருக்கிறோம். நம்மில் நிறையப் பேர் ஊழியத்தையும் அப்படித்தான் எண்ணுகிறோம். இத்தனை பேருக்குப் புண் துடைத்தாள், அதனால் அவள் வீட்டுக்குப் புண் வராது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் கொஞ்சம் யோசித்தால் எனக்கு இது தாங்கவே முடியாத பேச்சு. எனக்கு வந்திருக்கக் கூடாது என்றால், நான் பார்க்கப் போகிற அந்தப் பூக்காரம்மாவுக்கு வந்தது சரி என்றா அர்த்தம்? அந்த ஆட்டோக்காரர் என்ன கட்டாமல் விட்டார்? ஆறு வயதுப் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன், அந்தப் பிள்ளை எந்தத் தவணையைத் தவறவிட்டது? என்னை உயர்த்திச் சொல்வதாக நினைத்துச் சொன்ன அந்த வார்த்தை, நான் கை வைத்துத் தொட்ட அத்தனை பேரையும் குற்றவாளி ஆக்குகிறது. இது புரிந்த பிறகு ‘எனக்கே இப்படியா’ என்பதைச் சொல்லக் கூசியது. ‘ஏன்’ என்பது மட்டும் நின்றது. அது வேறு கேள்வி. அதைக் கேட்க எல்லோருக்கும் உரிமை உண்டு.

அந்த வருஷம் எனக்கு முன்னால் இருந்தது ஒரு நடைமுறைக் கேள்வி. இந்த வேலையில் தொடர்வதா? ஒவ்வொரு நாளும் யாரோ ஒருவர் வீட்டில் என் வீட்டையே திரும்பப் பார்க்க வேண்டும். என்னோடு படித்தவர்கள் பாதிப் பேர் லண்டனிலும் குவைத்திலும் இருக்கிறார்கள். அவர்களில் ஒருத்தி, வா, நான் ஏற்பாடு செய்கிறேன் என்றாள். கடன் இருந்த நிலையில் அது சின்ன விஷயம் இல்லை. போகிறவர்களை நான் ஒரு நாளும் குறை சொல்ல மாட்டேன், அந்தச் சம்பளத்தில் எத்தனை வீடுகள் நிமிர்ந்திருக்கின்றன என்று எங்கள் ஊர்த் தெருவில் நடந்தாலே தெரியும். ஆனால் அழைப்பு என்று ஒன்று இருப்பதாகச் சின்ன வயதிலிருந்து நம்பி வளர்ந்தவள் நான். அது நல்ல காலத்துக்கு மட்டும்தானா என்பதுதான் என்னைக் குடைந்தது.

அழைப்பு என்றால் எங்கள் பக்கத்தில் உடனே ஞாபகத்துக்கு வருகிறவர் நெய்யூர் ஆஸ்பத்திரியின் டாக்டர் ஹோவர்ட் சோமர்வெல். 1922இல் எவரெஸ்ட் ஏறப்போன ஆங்கிலேயக் குழுவில் இருந்தவர். அந்தப் பயணத்தில் பனி சரிந்து சுமை தூக்கிகள் 7 பேர் செத்துப்போனார்கள், வெள்ளைக்காரர் யாரும் சாகவில்லை. அது அவரை மிகவும் வதைத்தது, எங்களில் ஒருவர் போயிருக்கக் கூடாதா என்று மனம் நொந்து எழுதியிருக்கிறார். மலையிலிருந்து இறங்கி நாடு முழுவதும் சுற்றிப் பார்க்கிறபோது அன்றைய திருவிதாங்கூரில் இருந்த நெய்யூருக்கு வந்தார். வாசல் நிறைய நோயாளிகள், சமாளிக்க ஒரே ஒரு சர்ஜன். லண்டனில் நல்ல வேலை காத்திருந்தது. அதை விட்டுவிட்டு நெய்யூரிலேயே தங்கிவிட்டார். 1924இல் மறுபடி எவரெஸ்ட் போய், தொண்டைச் சதை பனியில் செத்து உரிந்து மூச்சை அடைத்து, சாக வேண்டியவர் பிழைத்துத் திரும்பினார். திரும்பியது நெய்யூருக்குத்தான். வெற்றிலை புகையிலை போட்டு வாய்ப்புற்று வந்தவர்களுக்கு அந்தக் காலத்திலேயே ரேடியம் வைத்து அங்கே வைத்தியம் பார்த்தார்கள். கடைசியில் வேலூரில் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கப் போனார். என் பாட்டி அவரை நேரில் பார்த்தவள். அவள் சொல்லும்போது எவரெஸ்ட் எல்லாம் வராது, “தொரை ராத்திரி எத்தன மணிக்குக் கூப்பிட்டாலும் வருவாரு மக்களே” என்பதுதான் வரும்.

ஆனால் அழைப்பு, நிலைத்திருத்தல் என்று பேசும்போது எங்கள் ஊர்க்காரிக்கு இன்னொன்றும் ஞாபகம் வராமல் இருக்காது. அவனவன் அழைக்கப்பட்ட நிலைமையில் நிலைத்திருக்கட்டும் என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதினார். அதை மட்டும் பிய்த்து எடுத்து, பிறந்த இடத்தில் கிட, தலை நிமிராதே என்று படிக்க ஆட்கள் எப்போதும் இருந்தார்கள். என் பாட்டிக்குப் பாட்டி காலத்தில் எங்கள் பெண்கள் மார்பை மறைத்துச் சீலை போடக்கூடாது என்பதுதான் அவர்களுக்கு விதிக்கப்பட்ட நிலைமை. தோள்சீலைப் போராட்டம் வருஷக்கணக்கில் நடந்தது. சந்தையில் வைத்துச் சீலையைக் கிழித்தார்கள், வீடுகளையும் கோயில்களையும் எரித்தார்கள், அப்புறம்தான் 1859இல் மகாராஜாவின் உத்தரவு வந்தது. அதிலும்கூட மேல்சாதிப் பெண்கள் உடுத்துகிற மாதிரி உடுத்தக்கூடாது என்று ஒரு கட்டு வைத்தார்கள். அந்தப் பெண்கள் ‘இதுதான் ஆண்டவர் வைத்த இடம்’ என்று சும்மா இருந்திருந்தால் நான் வெள்ளை யூனிஃபார்ம் போட்டிருக்க மாட்டேன். பவுலும் அடுத்த வசனத்திலேயே, அடிமையாக இருக்கிறவன் விடுதலையாக முடிந்தால் ஆகிக்கொள்ளட்டும் என்றுதான் எழுதியிருக்கிறார். அதை ஏனோ பிரசங்கத்தில் குறைவாகத்தான் கேட்கிறோம்.

சம்பள விஷயமும் அப்படியே. நர்ஸுகள் சம்பளம் கேட்டால் உடனே ‘இது சேவை’ என்று ஆரம்பிப்பார்கள். 2016இல் உச்ச நீதிமன்றம் சொல்லி மத்திய அரசு போட்ட குழு, 50 படுக்கைக்குக் குறைவான தனியார் மருத்துவமனையில்கூட நர்ஸுக்கு மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது, 200 படுக்கைக்கு மேல் என்றால் அரசு நர்ஸுக்குச் சமமாகக் கொடுக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. அதைக் கேட்டு வாங்குவது ஆண்டவரிடம் முறுமுறுப்பது ஆகாது. மனிதர்கள் செய்கிற அநியாயத்தை ஆண்டவர் தலையில் கட்டிவிட்டு, பொறுமையாக இரு என்று சொல்கிறவர்களிடம் எனக்குக் கோபம் உண்டு. கஷ்டத்திலே இரண்டு வகை இருக்கிறது. தட்டிக் கேட்டால் தீரக்கூடியது ஒன்று, யாரைத் தட்டியும் தீராதது ஒன்று. நான் இங்கே எழுதிக்கொண்டிருப்பது இரண்டாவதைப் பற்றி.

சரி, ஸ்ரீராமபுரத்துக்கு வருகிறேன்.

கணவர் போய்ச் சில மாதங்களில் அங்கே ஒரு நோயாளி வீட்டை என் பொறுப்பில் கொடுத்தார்கள். வண்டி மெயின் ரோட்டில் நின்றுவிடும், பையைத் தூக்கிக்கொண்டு சந்துக்குள் நடக்க வேண்டும். அறுபது தாண்டிய அம்மா, கன்னத்தில் புற்று. புகையிலைப் பழக்கம். புண் உள்ளிருந்து வெளியே திறந்துவிட்டது. வீட்டுக்காரர் பின்னி மில்லில் வேலை பார்த்தவர். மில் மூடிய பிறகு வாட்ச்மேனாக இருந்தார். பூர்வீகம் திருவண்ணாமலைப் பக்கம். பிள்ளைகள் தனியாகப் போய்விட்டார்கள். வாசலிலேயே வாடை அடித்தது. எதிர்வீட்டு ஜன்னல் சாத்தியே இருந்தது.

அந்த மாதிரிப் புண்ணில் பழைய துணியைப் பிய்த்து எடுக்கக் கூடாது. உப்பு நீரை ஊற்றி ஊறவிட்டு, தானாகக் கழன்று வரும்வரை காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டால் ரத்தம் வரும், வலி உயிர்போகும். நான் ஊறவிட்டுக் காத்திருந்தேன். அந்த அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், நான் மூக்கைச் சுளிக்கிறேனா என்று. இந்த நோயாளிகள் எல்லோரும் முதலில் அதைத்தான் பார்ப்பார்கள். வாடைக்கு மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துப் புண்ணின்மேல் தூவுவோம். இரண்டு ரூபாய் சமாச்சாரம் என்று நினைக்கக் கூடாது, நாலைந்து நாளில் வாடை அடங்கிவிடும், அடங்கினால் பேரப்பிள்ளை பக்கத்தில் வந்து உட்காரும். மார்ஃபின் என்றதும் வீட்டுக்காரர் பயந்தார், அது அபின்தானே, போதை பிடித்துவிடாதா என்று. இந்தப் பயம் ஜனங்களுக்கு மட்டும் இருந்ததில்லை. 1985இல் வந்த போதைப்பொருள் சட்டம் மார்ஃபினை வாங்குவதையே பெரும்பாடாக்கி வைத்திருந்தது. 2014இல் சட்டத்தைத் திருத்திய பிறகுதான் கொஞ்சம் மூச்சு விட முடிந்தது. வலிக்காகச் சரியான அளவில் கொடுத்தால் அடிமையாகிவிட மாட்டார்கள் என்று நான் அவருக்கு விளக்கினேன். சூரியன், நிலா வரைந்து ஒட்டினேன்.

ஒட்ட இடம் தேடும்போதுதான் பார்த்தேன். சாமி அலமாரியில் பெரிய படம் ஒன்று சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்திருந்தது. பின்பக்கத்து அட்டையும் ஆணியும் கயிறும்தான் தெரிந்தன. ஆனால் அதற்கு முன்னால் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. திரி புதிது. எண்ணெய் நிறைய. பக்கத்தில் செம்பருத்தி ஒன்று.

கேட்கக் கூடாது என்றுதான் இருந்தேன். அவரே என் பார்வையைப் பார்த்துவிட்டுச் சொன்னார். “அண்ணாமலையார் சிஸ்டரம்மா. இவ ராத்திரி போடுற சத்தத்தைக் கேட்டுட்டு அவர் மூஞ்சியைப் பார்க்கப் பிடிக்கலை. திருப்பி வெச்சுட்டேன்.”

“விளக்கு?” என்றேன்.

“அது என் வேலையாச்சே. அதை எதுக்கு நிறுத்தணும்?”

கர்த்தரை ஆராதிக்கிற குடும்பத்தில் பிறந்தவள் நான், அவர் நெற்றி நிறைய விபூதி பூசுகிறவர். ஆனால் துக்கத்துக்கு வந்தவர்களும், பிரசங்கமும், கிழக்கு வெளுக்கும்வரை நான் பண்ணிய ஜெபமும் சொல்லாததை அந்த மனுஷர் இரண்டு வரியில் சொல்லிவிட்டார். கோபம் இருக்கிறது, மறைக்கவில்லை. வேலை இருக்கிறது, நிறுத்தவில்லை. யாரோடு கோபமோ அவர் அந்த அலமாரியில்தான் இருக்கிறார் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

அடுத்தடுத்துப் போகும்போது அவர் தேவாரம் சொல்வார். மில்லில் வேலை பார்த்த நாளில் ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்குப் போய்ப் படித்தாராம். நான் டிரஸ்ஸிங் செய்யும்போது மனைவிக்காக மெதுவாகச் சொல்லிக்கொண்டிருப்பார். திருநாவுக்கரசர் சமணத்திலிருந்து சைவத்துக்கு வந்ததே வயிற்று வலியால்தான் என்று அவர்தான் எனக்குச் சொன்னார். சூலை நோய் தாங்காமல் திருவதிகையில் போய் விழுந்து பாடிய முதல் பதிகத்தில், ‘வயிற்றின் அகம்படியே குடரோடு துடக்கி முடக்கியிட ஆற்றேன்’ என்று வருகிறது. நர்ஸ் காதுக்கு அது கேட்ட விதமே வேறு. வலி எங்கே, எப்படி இருக்கிறது, விட்டு விட்டு வருகிறதா, சுருட்டிப் பிடிக்கிறதா என்று நாங்கள் நோயாளியிடம் கேட்டு எழுதுவோம். அத்தனையும் அந்த ஒரு வரியில் இருக்கிறது. அப்பர் வலியை மறைத்துக்கொண்டு ஆண்டவனைப் புகழவில்லை. குடல் முறுக்குகிறது, தாங்க முடியவில்லை என்று முகத்துக்கு நேரே சொல்லித்தான் தொடங்குகிறார்.

‘என் கடன் பணி செய்து கிடப்பதே’ என்பதைக் கேட்காத தமிழர் இல்லை. நான் படித்த பள்ளிக்கூடச் சுவரில்கூட எழுதியிருந்தது. அதற்கு முந்தின வரியை நான் முதன்முதலில் கேட்டது அந்த ஸ்ரீராமபுரம் வீட்டில். ‘தன் கடன் அடியேனையும் தாங்குதல்.’ என்னைத் தாங்குவது அவன் கடமை, பணி செய்து கிடப்பது என் கடமை. முதல் பாதியை விட்டுவிட்டு இரண்டாம் பாதியை மட்டும் சுவரில் எழுதினால் அது முதலாளி தொழிலாளிக்குச் சொல்கிற மாதிரி ஆகிவிடுகிறது. முழுசாகப் படித்தால் ஆண்டவனுக்கும் ஒரு கடமை சொல்லப்பட்டிருக்கிறது, அடியவன் அதை வாய்விட்டு ஞாபகப்படுத்துகிறான். “நான் என் பக்கத்தைச் செஞ்சுட்டேன், உன் பக்கம் என்னாச்சுன்னு கேக்குறதுக்குத்தான் சிஸ்டரம்மா விளக்கை நிறுத்தலை. நிறுத்திட்டா எந்த மூஞ்சியோட கேக்குறது?” என்றார் பெரியவர். சுந்தரர் கதையும் அவர் சொன்னதுதான். கண் இரண்டும் போய், காஞ்சியில் ஒன்று மட்டும் திரும்பக் கிடைத்து, திருவாரூர்வரை வந்தவர், உங்கள் அடியார்கள் தங்கள் கஷ்டத்தைச் சொன்னால் நீங்கள் பேசாமல் இருப்பீர்களோ, அப்படியானால் நீங்களே ‘வாழ்ந்து போதீரே’ என்று சாமியைப் பார்த்தே பாடினார். அந்தத் திட்டையும் சேர்த்துத்தான் திருமுறையில் வைத்து ஓதுகிறார்கள்.

வீட்டுக்கு வந்து பைபிளில் யோபுவின் புத்தகத்தை எடுத்துப் படித்தேன். எங்கள் ஆட்கள் யோபுவின் பொறுமை, யோபுவின் பொறுமை என்பார்கள். கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார் என்று அவன் சொன்னது முதல் அதிகாரத்தில். புத்தகம் 42 அதிகாரம். நடுவில் பெரும்பகுதி அவன் வழக்காடுவதுதான். பிறந்த நாளைச் சபிக்கிறான், என்னோடு நியாயத்துக்கு வாரும் என்று ஆண்டவரைக் கூப்பிடுகிறான். சிநேகிதர்கள் மூன்று பேர் வந்து ஏழு நாள் ராவும் பகலும் அவனோடு தரையில் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் செய்த உருப்படியான காரியம் அது ஒன்றுதான். வாய் திறந்ததும் ஆண்டவருக்காக வக்கீல் வேலை பார்க்க ஆரம்பித்தார்கள், நீ ஏதோ பாவம் செய்திருப்பாய் என்று. கடைசியில் ஆண்டவர் என்ன சொல்கிறார்? யோபு என்னைப் பற்றிப் பேசினதுபோல நீங்கள் சரியாகப் பேசவில்லை என்று அந்தச் சிநேகிதர்கள்மேல்தான் கோபப்படுகிறார். அவ்வளவு வழக்காடினவனை என் தாசன் என்கிறார், தமக்காகப் பரிந்து பேசினவர்களைப் பலி செலுத்தச் சொல்கிறார். துக்க வீட்டில் போய் ‘கர்த்தர் நேசிக்கிறவர்களைத்தான் சோதிப்பார்’ என்று சொல்ல வாய் எடுக்கிற எல்லோரும் அந்தக் கடைசி அதிகாரத்தை ஒரு தடவை படித்துவிட்டுப் போகலாம்.

ஆண்டவர்மேல் மனக்கசப்பு என்பதை நான் நிறைய வீடுகளில் பார்த்திருக்கிறேன். அது சத்தமாக இருக்காது. சண்டை போடுகிறவர்களுக்கு அது வருவதில்லை. பேச்சை நிறுத்தியவர்களுக்குத்தான் வருகிறது. முதலில் ஆண்டவரோடு பேச்சு நிற்கும், அப்புறம் மனைவியோடு, பிள்ளையோடு. சாப்பாடு வைத்தால் சாப்பிடுவார்கள், மருந்து கொடுத்தால் விழுங்குவார்கள், கண்ணில் ஆளே இருக்காது. அந்த நிலைக்குப் போகாமல் இருக்க ஒருவர் கத்த வேண்டுமானால் கத்தட்டும். நானும் கத்தியிருக்கிறேன், ராத்திரி குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு, மகளுக்குக் கேட்கக் கூடாதென்று. அடுத்த நாள் காலையில் பையைத் தூக்கிக்கொண்டு வேலைக்குப் போயிருக்கிறேன். இரண்டும் ஒரே ஆள்தான்.

எங்கள் துறைக்கே தாய் மாதிரி இருந்த சிசிலி சாண்டர்ஸ் பக்தியுள்ள கிறிஸ்தவர். 1940களில் லண்டனில் நர்ஸாகத் தொடங்கினார். முதுகு வலி வந்து நோயாளிகளைத் தூக்க முடியாமல் போனது. நர்ஸ் வேலையை விட வேண்டியதாயிற்று. மருத்துவமனையிலேயே சமூக நலப் பணியாளராகச் சேர்ந்தார். 1948இல், சாகக் கிடந்த போலந்து நாட்டு யூதர் ஒருவரோடு பழகி, இப்படிச் சாகிறவர்களுக்கென்று ஓர் இடம் வேண்டும் என்று இருவரும் பேசிப் பேசி முடிவுக்கு வந்தார்கள். அவர் 500 பவுண்ட் எழுதி வைத்துவிட்டுப் போனார், உன் வீட்டில் நான் ஒரு ஜன்னலாக இருப்பேன் என்று சொல்லி. சாண்டர்ஸ் அதன் பிறகு மருத்துவம் படித்து 1957இல் டாக்டரானார். சாகிறவர்களுக்கென்று அவர்கள் பேசிய அந்த இடம், செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸ், திறந்தது 1967இல். உடம்பு வலி, மனசு வலி, குடும்பத்துக் கவலை, ஆத்துமாவின் வேதனை எல்லாம் சேர்ந்ததுதான் முழு வலி என்று அவர்தான் சொல்லிக்கொடுத்தார். ‘சாமிக்கு என்மேல் என்ன கோபம்’ என்று ஒரு நோயாளி கேட்டால் அதையும் நாங்கள் வலி என்றுதான் எழுதிக்கொள்கிறோம், அதற்கும் பக்கத்தில் உட்காருகிறோம். 2005இல் புற்றுநோயால், தான் கட்டிய அதே ஹாஸ்பிஸில் அவர் இறந்தார். இரண்டு தடவை வேலை மாறினவர், அழைப்பு மாறவில்லை. லண்டன் போன என் சிநேகிதியும் அங்கே முதியோர் இல்லத்தில் புண் துடைத்துக்கொண்டுதான் இருக்கிறாள், அவளும் அழைப்பில்தான் நிற்கிறாள். எனக்கு நிற்கிற இடம் பெங்களூர் என்று அமைந்தது, அவ்வளவுதான்.

ஸ்ரீராமபுரத்து அம்மா அந்த மார்கழியில் தூக்கத்திலேயே போனார். வலி கட்டுக்குள் இருந்தது. படத்தைப் பெரியவர் திருப்பி வைத்தாரா என்று எனக்குத் தெரியாது. அதற்கப்புறம் அந்த வீட்டுக்குப் போகிற வேலை எனக்கு இருக்கவில்லை.

இதை இப்போது எழுதக் காரணம், எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த ஒரு பிள்ளை. தருமபுரிக்காரி, படிப்பு முடித்த கையோடு வந்தவள். அடுத்தடுத்து மூன்று நோயாளிகள் போய்விட்டார்கள், அதில் ஒருவன் சின்னப் பையன். அவளுக்கென்று கார்ட்டூன் வரைந்து கொடுத்தவன். “சிஸ்டர், எனக்குக் கடவுள்மேல கோபம் கோபமா வருது. இந்த வேலைக்கு நான் லாயக்கு இல்லையோ?” என்று வண்டியிலேயே அழுதாள். அவளுக்கு நான் யோபுவையும் சொல்லவில்லை, அப்பரையும் சொல்லவில்லை. எனக்கு அப்போது பைபிளில் வருகிற தீர்க்கதரிசி எலியாதான் ஞாபகம் வந்தார். போதும் ஆண்டவரே, என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்று சூரைச்செடிக்குக் கீழே விழுந்து தூங்கிப்போனவரிடம் தேவதூதன் பிரசங்கம் செய்யவில்லை. தட்டி எழுப்பி, தழலில் சுட்ட அடையும் ஒரு செம்பு தண்ணீரும் கொடுத்தான். சாப்பிட்டு மறுபடி தூங்கவிட்டான், மறுபடி எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். ஏன் ஓடி வந்தாய் என்கிற விசாரணை எல்லாம் எத்தனையோ நாள் கழித்து ஓரேப் மலையில். அங்கேயும் எலியா புலம்பியதற்குத் திட்டு விழவில்லை. அடுத்து செய்ய வேண்டிய வேலை என்னென்ன என்றும், கூட வேலை செய்ய எலிசா என்று ஒரு ஆள் இருக்கிறான் என்றும்தான் பதில் வந்தது.

அவளை வீட்டுக்குக் கூட்டி வந்தேன். மரச்சீனிக் கிழங்கு அவித்து மீன்குழம்பு வைத்தேன். இரண்டு தடவை போட்டுச் சாப்பிட்டாள். மகள் அறையில் படுத்தவள் மறுநாள் பத்து மணிவரை எழவில்லை. யாரும் எழுப்பவில்லை. மேடமிடம் பேசி இரண்டு வாரம் லீவு வாங்கிக் கொடுத்து, அம்மாவிடம் போய் இரு என்று பஸ் ஏற்றிவிட்டேன். கோபத்தை அடக்கிக்கொண்டு போகாதே, யாரிடம் கோபமோ அவரிடமே சொல் என்று மட்டும் சொன்னேன். திரும்பி வருவாளா, குழந்தைகள் இல்லாத வேறு பிரிவு கேட்பாளா, வேறு ஊருக்கே போவாளா என்று இப்போது சொல்ல முடியாது. எதைச் செய்தாலும் அவள் நல்ல நர்ஸ். லிங்கராஜபுரத்தில் அவள் பார்த்துக்கொண்டிருந்த நாலு வீடுகளையும் அவள் வரும்வரை நான் பார்த்துக்கொள்கிறேன்.